தோட்டத்தில் பறவையின் பெயர் பிடிபடாதபோது: எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

கிளையில் ஏதோ அசைகிறது. கையேட்டைப் புரட்டினால் நான்கு படங்கள் அதைப் போலவே இருக்கின்றன. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கிளை காலி. தொடங்கும் எல்லோருக்கும் இது நேர்கிறது. பெரும்பாலும் பார்க்கும் வரிசையில்தான் கோளாறு இருக்கும்.

நிறம்தான் முதலில் கண்ணில் படும், முதலில் ஏமாற்றுவதும் அதுதான். வெளிச்சம் நிறத்தை மாற்றும். பருவமும் வயதும் மாற்றும். ஒரே இனத்தில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் இருக்கும். அலகின் வடிவமும் உட்காரும் தோரணையும் இரை தேடும் விதமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே கீழே எந்தச் சிக்கலைப் படித்தாலும் இந்த வரிசையைக் கைவிடாதீர்கள்: எவ்வளவு பெரிது, என்ன வடிவம், என்ன செய்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, கடைசியாக நிறம்.

அளவுக்குத் தெரிந்த பறவைகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சிட்டுக்குருவி 15 செ.மீ., கொண்டைக்குருவி 20, மைனா 25, மாடப்புறா 33, காகம் 40க்குச் சற்று மேல். "மைனாவைவிடச் சிறிது, சிட்டுக்குருவியைவிடப் பெரிது" என்று சொல்ல முடிந்தாலே பாதிப் பக்கங்கள் கழிந்துவிடும். கையேட்டில் இருக்கும் அளவு அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை எடுத்தது. வால் நீண்ட பறவை எண்ணில் பெரிதாகவும் நேரில் சிறிதாகவும் தோன்றும் என்பதால் உடம்பை மட்டும் தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

குரல் கேட்கிறது, பறவையைக் காணோம்

முதலில் அது பறவைதானா என்று பாருங்கள். "சிப்... சிப்... சிப்" என்று ஒரே சீராக, நிமிடக்கணக்கில் நிற்காமல் ஒலித்தால் அது அணிலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு ஒலிக்கும் அதன் வால் ஒருமுறை வெட்டி அசையும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அணில் இப்படிக் கத்துவது பெரும்பாலும் எச்சரிக்கைக்காக. பூனையோ பாம்போ ஆந்தையோ அருகில் இருக்கலாம் என்பதால் அதுவும் பயனுள்ள தகவல்தான்.

பறவைதான் என்று தெரிந்தால், குரலின் பலத்தை வைத்து உடம்பின் அளவைக் கணிக்காதீர்கள். தையல்சிட்டு வாலோடு சேர்த்தே 13 செ.மீ.தான், ஆனால் அதன் "டுவிட் டுவிட் டுவிட்" தோட்டம் முழுக்கக் கேட்கும். பெரிய பறவை என்று நினைத்து மர உச்சியில் தேடுவோம். அது இடுப்பளவுச் செடிக்குள் இருக்கும்.

செம்மார்புக் குக்குறுவான் வேறு விதமாக ஏமாற்றும். சுத்தியலால் செம்பைத் தட்டுவது போல "டுக், டுக், டுக்" என்று ஒலிக்கும்போது அது அலகைத் திறப்பதில்லை. தொண்டையை உப்பவைத்து, தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே ஒலி எழுப்பும். தலை திரும்பும்போதெல்லாம் ஒலி வேறு திசையிலிருந்து வருவதாகப் படும். அடர்ந்த இலைக்குள் தேடாமல், காலை வெயில் விழும் மொட்டைக் கிளையின் நுனியைப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவில், குட்டை வாலோடு, நெற்றியில் சிவப்போடு உட்கார்ந்திருக்கும்.

இடம் பிடிக்க ஒரு முறை உண்டு. இரண்டு காதிலும் ஒலி சமமாக விழும்வரை தலையை மெல்லத் திருப்புங்கள். அப்போது மூக்கு காட்டும் திசையில் உள்ள ஒரு கிளையை நினைவில் வையுங்கள். பக்கவாட்டில் பத்துப் பதினைந்து அடி நகர்ந்து மறுபடி அதையே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே கண்ணை நிறுத்தி, அசைவுக்குக் காத்திருங்கள். எல்லா இலையும் அசையாதிருக்க ஒரு கொத்து மட்டும் ஆடினால் அதற்குள் பறவை இருக்கிறது. காற்று பலமாக வீசும் நாளில் இது எடுபடாது. அன்று காதை மட்டும் பழக்குங்கள்.

தரையை மறந்துவிடாதீர்கள். ஆறுமணிக்குருவி என்ற பெயரே ஒரு துப்பு. குளிர்காலத்தில் வலசை வரும் அந்தப் பறவை விடியும்போதும் இருட்டும்போதும் தெளிவான இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். ஒலி மரத்திலிருந்து வருவதாகத் தோன்றினாலும், பகலில் அது சருகைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டு நிழலான தரையில் இருக்கும்.

இன்னொன்று, கரிச்சான் வல்லூறைப் போலவே குரல் எழுப்பும். கண்ணால் பார்க்காமல் குரலை மட்டும் வைத்துக் குறிப்பேட்டில் எழுதினால், எழுதியவுடன் "குரல் மட்டும்" என்றும் சேர்த்து எழுதுங்கள்.

தொலைநோக்கியை எடுப்பதற்குள் பறந்துவிடுகிறது, அல்லது உள்ளே அகப்படுவதே இல்லை

பெரும்பாலோர் செய்யும் தவறு, தொலைநோக்கியைக் குனிந்து பார்த்து எடுப்பது. கண் பறவையை விட்ட அந்த ஒரு நொடியில் இடம் தொலைந்துவிடுகிறது. பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அசையாத பொருள்களில், உதாரணமாக ஒரு காய்ந்த இலை, ஓர் ஆணி, ஒரு பூ என்று, நாளுக்கு இருபது முறை பழகினால் ஒரு வாரத்தில் கை தானாகப் போகும்.

படம் தெளிவில்லை என்றால் பெரும்பாலும் கண் இணைப்பு சரிசெய்யப்படவில்லை. செய்முறை இது:

1. இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேரும்வரை உங்கள் கண் இடைவெளிக்குப் பொருத்துங்கள்.
2. இருபது மீட்டர் தூரத்தில் எழுத்து உள்ள பலகை போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பார்த்தபடி நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள்.
3. நடுச் சக்கரத்தைத் தொடாமல், இடது கண்ணை மூடி, வலது கண் குழாயில் உள்ள தனி வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள்.
4. அந்த வளையம் நிற்கும் குறியை நினைவில் வையுங்கள். வீட்டில் வேறொருவர் எடுத்துப் பார்த்த பிறகு அது நகர்ந்திருக்கும்.

ஓரங்களில் கறுப்புப் பிறை தெரிகிறதா? கண்ணாடி அணிபவர் கண் வைக்கும் முனையில் உள்ள வளையங்களை உள்ளே அழுத்தி வைக்க வேண்டும், அணியாதவர் வெளியே இழுத்து வைக்க வேண்டும். இதை மாற்றியும் பிறை போகாவிட்டால் கண் இடைவெளியை மறுபடி பாருங்கள். பொருள் இரண்டாகத் தெரிந்து, பத்து நிமிடத்தில் தலை வலித்தால் உள்ளே பட்டகம் நகர்ந்துவிட்டது. பெரும்பாலும் கீழே விழுந்த கருவியில் இப்படி நேரும். வளையம் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது, பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் வில்லை ஆவி பிடித்தால் துடைக்காமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். தூசு இருந்தால் முதலில் ஊதி அகற்ற வேண்டும். தூசோடு துடைத்தால் வில்லையில் கீறல் விழும்.

வாங்கப்போகிறவர்களுக்கு: தோட்டத்துக்கு 8×32 அல்லது 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன் வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×32இல் 4 மி.மீ., 8×42இல் 5.25 மி.மீ. பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ.க்குச் சுருங்கியிருப்பதால் 8×32 தாராளம். கருக்கலிலும் அந்தியிலும் பார்க்கிறவர்களுக்கு 8×42 மேல். 10 மடங்கில் கை நடுக்கம் கூடுதலாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். அருகில் துள்ளும் பறவைக்கு அது இடைஞ்சலே. வாங்கும் இடத்திலேயே நின்றபடி உங்கள் கால் நுனியைக் குவியப்படுத்திப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் பக்கத்துச் செடியில் வரும் பறவையும் தெரியும். நான்கைந்து மீட்டருக்கு உள்ளே குவியாத கருவி, தோட்டத்தில் மிக நல்ல காட்சிகளைத் தவறவிடச் செய்யும்.

எந்தப் பறவையும் கறுப்பாகவே தெரிகிறது

வானம் பறவைக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் வரும்படி நகருங்கள். காலையில் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் நேர் எதிர். நகர வழியில்லை என்றால் நிறத்தை விட்டுவிட்டு நிழல் வடிவத்தைப் படியுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதாயிருந்தால் திரையில் பறவையின் மேல் விரலை அழுத்திக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தை மேலே இழுங்கள். வானம் வெளுத்துப் போகும், பறவையின் நிறம் வெளியே வரும்.

வெளிச்சம் நன்றாக இருந்தும் கறுப்பாகவே இருந்தால் வாலையும் கண்ணையும் பாருங்கள். வால் நடுவில் ஆழமாகப் பிளந்து, கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பூச்சியைப் பாய்ந்து பிடித்து அதே இடத்துக்குத் திரும்பினால் கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி. இறகு உதிர்க்கும் காலத்தில் அந்தப் பிளவு தெரியாமல் போகலாம். அப்போதும் பாய்ந்து திரும்பும் பழக்கம் காட்டிக்கொடுக்கும். அலகு வெளிர்பச்சை, கண் சிவப்பு, வால் நீளம், இலைக்குள் ஒளிந்து பழம் தின்னும் என்றால் ஆண் குயில். கண் சிவப்பு, ஆனால் இறக்கை மட்டும் செங்கல் நிறம், தரையில் கனத்து நடக்கிறது என்றால் செம்போத்து. சிட்டுக்குருவி அளவில், தரையில் ஓடி நின்று வாலைத் தூக்கினால் கருஞ்சிட்டு. வாலடியில் துரு நிறமும் ஆணுக்குத் தோளில் வெள்ளைக் கீற்றும் தெரியும். கழுத்து சாம்பல் நிறமானது வீட்டுக் காகம். முழுக் கறுப்பு, அலகு தடிப்பு, குரல் கட்டை என்றால் அண்டங்காக்கை.

ஒரே செடியில் மூன்று நான்கு வகைத் தேன்சிட்டு வருவதாகத் தோன்றுகிறது

உண்மையில் இரண்டு இனமே இருக்கலாம். தேன்சிட்டு ஆணின் பளபளப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருகிறது. அதனால் ஒரே பறவை தலையைத் திருப்பும்போது ஊதாவாகவும் நீலமாகவும் பச்சையாகவும் மாறும், நிழலுக்குள் போனால் வெறும் கறுப்பு. தொண்டை நிறத்தைக் கொண்டு முடிவுகட்டாமல் வயிற்றைப் பாருங்கள். வயிறு மஞ்சள், முதுகு அரக்குச் சிவப்பு என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண். வயிறு உட்பட உடம்பெல்லாம் கருமை என்றால் ஊதாத் தேன்சிட்டு ஆண். அதே கருமையோடு அலகு மிக நீண்டு நன்றாக வளைந்து, மார்பில் அரக்குப் பட்டையும் இருந்தால் லோட்டன் தேன்சிட்டு.

பெண்களைப் பிரிப்பதுதான் கடினம், அதற்கும் ஓர் இடம் இருக்கிறது: தொண்டை. தொண்டை சாம்பல் கலந்த வெள்ளை, அதற்குக் கீழே மஞ்சள் என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண். தொண்டையிலிருந்தே மஞ்சள் சாயல் இறங்கினால் ஊதாத் தேன்சிட்டின் பெண்.

"மூன்றாவது வகை" என்று பலர் குறிப்பது பெண் போல மஞ்சளாக இருந்து, தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் உள்ள பறவையை. அது இனப்பெருக்கம் முடிந்து நிறம் மாறிய ஊதாத் தேன்சிட்டு ஆண். சில வாரம் அதே செடியைக் கவனித்தால் கறுப்புத் திட்டுகள் பரவி அது முழு ஆணாக மாறுவதைப் பார்க்கலாம். தோட்டத்தில் பறவை பார்ப்பதில் இதைவிட நிறைவான காட்சி குறைவு.

ஆணும் பெண்ணும் குஞ்சும் மூன்று இனமாகப் பதிவாகிவிட்டன

பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக, காகத்தைவிட மெலிந்து இருப்பது பெண் குயில். "குக்கூ" என்று ஏறி ஏறிக் கூவுவது ஆண். பெண்ணின் குரல் "கிக் கிக் கிக்" என்று வெட்டி வெட்டி வரும். குண்டுகரிச்சானில் ஆணுக்குக் கறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பெண்ணுக்குச் சாம்பல், வெள்ளைப் பட்டையும் தூக்கிய வாலும் இருவருக்கும் ஒன்றே. அரசவால் ஈப்பிடிப்பானில் ஆணே இரண்டு நிறத்தில் உண்டு: ஒன்று வெள்ளை, மற்றது செம்பழுப்பு. நீண்ட வாலில்லாத செம்பழுப்புப் பறவை பெண்ணாகவோ இளம் ஆணாகவோ இருக்கலாம்.

இளம் பறவையை அடையாளம் காண மூன்று குறிகள் போதும். வாய் ஓரத்தில் வெளிர் மஞ்சள் தடிப்பு, உடம்புக்குப் பொருந்தாத குட்டை வால், இறக்கையை நடுக்கி இரை கேட்பது. இந்த மூன்றில் இரண்டைக் கண்டால் படத்தைத் தேடாதீர்கள், யார் ஊட்டுகிறார்கள் என்று காத்திருந்து பாருங்கள். செம்மீசைக் கொண்டைக்குருவியின் குஞ்சுக்குக் கன்னத்தில் சிவப்பு இருக்காது. பெற்றோர் வந்து ஊட்டும்போதுதான் அது விளங்கும். இதற்கு விதிவிலக்கு, பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் குயில், அக்காக்குயில் போன்றவை. காகம் ஊட்டுவது குயில் குஞ்சாக இருக்கலாம், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஊட்டும் பெரிய குஞ்சு அக்காக்குயிலாக இருக்கலாம். ஊட்டுபவரும் உண்பவரும் அளவில் பொருந்தாவிட்டால் அந்தத் திசையில் யோசியுங்கள்.

பறக்கத் தெரியாமல் தரையில் துள்ளும் இளம் பறவையைக் கையில் எடுக்க வேண்டாம். பெற்றோர் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். பூனை அணுகும் இடமாக இருந்தால் மட்டும் பக்கத்துப் புதரின் கிளையில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள்.

சின்னஞ்சிறு பறவை, ஒரு நொடி நிற்கமாட்டேன் என்கிறது

பச்சை, பழுப்பு, சாம்பல் எல்லாம் கலந்த இந்தக் குட்டிகள்தான் அனுபவம் உள்ளவரையும் நிறுத்திவைக்கும். இங்கே முதல் கேள்வி உயரம். முழங்காலிலிருந்து தோள் உயரம் வரை செடிக்குள் இருக்கிறதா, மர உச்சியில் இருக்கிறதா?

கீழே இருந்தால்: வால் செங்குத்தாக நிமிர்ந்து, தலையுச்சி துரு நிறமாக, முதுகு பச்சையாக இருப்பது தையல்சிட்டு. முதுகு சாம்பல், வால் நீளம், கிளம்பும்போது சொடுக்கு ஒலி கேட்டால் சாம்பல் கதிர்க்குருவி. முழுப் பழுப்பு, வேறு அடையாளமே இல்லை, புதருக்குள்ளிருந்து "சக்... சக்" என்று மட்டும் வருகிறது, அதுவும் குளிர்காலம் என்றால் அது வலசை வந்த நாணல் கதிர்க்குருவி வகை.

மேலே இருந்தால்: கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கூட்டமாக நகர்வது வெள்ளைக்கண்ணி. தனியாக, கண்ணுக்கு மேல் வெளிர் புருவம், இறக்கையில் மெல்லிய ஒரு கோடு, இரட்டை அசையில் ஒலி, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும் தென்படுகிறது என்றால் பச்சைக் கதிர்க்குருவி. கட்டைவிரல் அளவே இருந்து, வால் குட்டையாக, புல்லுருவி படர்ந்த கிளையை விட்டு விலகாதது பூங்கொத்தி. நீளம் 8 செ.மீ., இந்தப் பட்டியலில் மிகச் சிறியது.

பின்தொடர்ந்து பார்க்க முயலாமல் அடுத்து எங்கே வரும் என்று கணியுங்கள். இவை பெரும்பாலும் ஒரே வழியில் செடிசெடியாக நகரும். இரண்டு செடி முன்னால் போய் அசையாமல் நின்றால் அதுவே உங்களை நோக்கி வரும். படத்துக்கு மூடுவேகம் (ஷட்டர் வேகம்) நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, குவியம் நடுவில் ஒற்றைப் புள்ளி. தானியங்கிக் குவியத்தை முழுத் திரைக்கும் விட்டால் அது முன்னால் உள்ள இலையைப் பிடித்துக்கொள்ளும்.

பருந்து மாதிரி ஒன்று வந்தது, தோட்டமே அமைதியாகிவிட்டது

புறா அளவு, மார்பில் குறுக்கு வரிகள், வாலில் பட்டைகள். இது வல்லூறாகவும் இருக்கலாம், அக்காக்குயிலாகவும் இருக்கலாம். பறக்கும்போது இரண்டும் சில முறை இறக்கை அடித்துப் பிறகு மிதக்கும். உட்கார்ந்த பிறகுதான் விடை கிடைக்கும். அலகு கொக்கியாக வளைந்து, கால் நீண்டு மஞ்சளாக, விரல் மூன்று முன்னும் ஒன்று பின்னுமாகக் கூர்நகத்தோடு இருந்தால் வல்லூறு. அலகு மெல்லியதாக, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், விரல் முன்னே இரண்டு பின்னே இரண்டு, இறங்கியவுடன் வாலை இருபுறமும் ஆட்டுவது அக்காக்குயில். சிறு பறவைகள் இரண்டுக்கும் அஞ்சி அலறுவதால் அலறலை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது.

பட்டப்பகலில் கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, கரிச்சான் எல்லாம் ஒரே கிளையைச் சூழ்ந்து கத்தினால் அவசியம் போய்ப் பாருங்கள். தண்டோடு ஒட்டியபடி ஒரு புள்ளி ஆந்தை இருக்கலாம். பாம்பாகவும் இருக்கலாம் என்பதால் தரையைப் பார்த்து நடங்கள்.

இந்த இடத்துக்குப் பொருந்தாத பறவை

தண்ணீரே இல்லாத தோட்டத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்றால் ஐயம் வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்தி வெட்டுக்கிளி, ஓணான், தவளை எல்லாம் பிடிக்கும். கொண்டையும் நீண்ட அலகும் பார்த்து மரங்கொத்தி என்று எழுதுவது பெரும்பாலும் கொண்டலாத்திதான். புல்தரையில் நடந்து அலகை மண்ணுக்குள் குத்துவது கொண்டலாத்தி, மரத்தண்டில் செங்குத்தாக ஒட்டி ஏறுவது மரங்கொத்தி. உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் பளிச்சென்று வெள்ளை என்றால் குளக்கரை மடையான்.

செயலி ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் சொல்கிறது

கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியை எடுத்துக்கொள்வோம். ஒலியை வைத்து இனம் சொல்லும் வசதி அதில் 2021இல் வந்தது. தவறான பெயர் வந்தால் முதலில் இருப்பிடமும் தேதியும் சரியாகப் பதிந்திருக்கின்றனவா, உங்கள் பகுதிக்கான தொகுப்பு இறக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இரைச்சல். விசிறி, மோட்டார், பேச்சு எதுவும் இல்லாமல், கைப்பேசியைச் சட்டையில் உரசாமல் நீட்டிப் பிடித்து அரை நிமிடம் பதியுங்கள். அந்தப் பதிவில் ஒரு பெயர் ஒரே ஒருமுறை மின்னி மறைந்தால் நம்ப வேண்டாம். மறுபடி மறுபடி வரும் பெயரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள்.

படத்தைக் கொடுக்கும்போது பறவை சட்டம் நிறையும்படி வெட்டிக் கொடுங்கள். முதுகு மட்டும் தெரியும் படத்தைவிடப் பக்கவாட்டில் அலகு தெரியும் படம் பல மடங்கு மேல். படமே இல்லை என்றால் அதே செயலி ஐந்து கேள்வி கேட்கும்: எங்கே, எப்போது, எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்தது. நிறம் அங்கேயும் நான்காவதாகத்தான் வருகிறது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டதாக எண்ணி அது கூட்டையும் இரையையும் விட்டு அலையும்.

காகமும் புறாவும் தவிர ஒன்றும் வருவதில்லை

தானியம் வைப்பதால் தானியம் தின்பவை மட்டுமே வருகின்றன. தண்ணீர் வையுங்கள். அகலமான தட்டு, ஆழம் ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5க்கு மேல் வேண்டாம், அடிப்பகுதி சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழுக்கும் பாத்திரமாக இருந்தால் நடுவில் தட்டையான கல் ஒன்று போடுங்கள். புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும், திறந்தவெளியில் வைத்தால் பறவை இறங்காது. தினமும் தண்ணீரைக் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். விட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு கிளம்பும், அழுக்கு நீரில் நோயும் பரவும்.

சருகை எரிக்காமல் ஒரு மூலையில் பரப்பி விடுங்கள். பூச்சிமருந்தை நிறுத்துங்கள், ஏனென்றால் தேன் குடிக்கும் பறவைகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. பார்க்கும் நேரம் சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரம், அல்லது அடைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். போய் உட்கார்ந்தவுடன் எதுவும் வராது. பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் தோட்டம் உங்களை மறந்துவிடும்.

ஒரு பறவை நாள் முழுக்கச் சன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது

தன் பிம்பத்தை எதிரியாக எண்ணுகிறது. குண்டுகரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, வாலாட்டி எல்லாமே இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்யும். உள்பக்கம் திரை போட்டால் பிம்பம் மறையாது, சில சமயம் இன்னும் தெளிவாகும். வெளிப்பக்கத்தில் காகிதம் ஒட்டுங்கள், அல்லது சோப்பைப் பூசி மங்கலாக்குங்கள். வாகனக் கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டினால் போதும்.

மோதி விழுவது வேறு சிக்கல். கண்ணாடியில் வானமும் மரமும் தெரிவதால் வழி இருப்பதாக எண்ணிப் பறக்கின்றன. வெளிப்பக்கத்தில் 5 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இட வேண்டும். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை. விழுந்த பறவையைக் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்தால் வெளியே கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். தெளியாவிட்டாலோ இறக்கை தொங்கினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கையேட்டில் எதனோடும் பொருந்தவில்லை

அரிய பறவை என்று முடிவுகட்டுவதற்கு முன் சாதாரணக் காரணங்களைக் கழியுங்கள். முகம் மட்டும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் அது பூவின் மகரந்தமாக இருக்கலாம். தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி, கொண்டைக்குருவி மூன்றிலும் இது உண்டு. காகத்திலோ மைனாவிலோ திட்டுத்திட்டாக வெள்ளை இறகு இருந்தால் அது நிறமிக் குறை, வேறு இனம் என்று எண்ண வேண்டாம். தலை வழுக்கையான மைனா இறகு உதிர்த்திருக்கலாம், பேன் பிடித்திருக்கலாம். குளித்த பறவை கறுத்து மெலிந்து தெரியும், உலரும்வரை காத்திருங்கள். யாருக்கும் அஞ்சாமல் கைக்கருகில் வரும் வண்ணப் பறவை கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால் கையேட்டை மூடிவிட்டு, பறவை கண்ணெதிரே இருக்கும்போதே எழுதுங்கள். முட்டை வடிவில் ஓர் உடம்பு, மேலே ஒரு வட்டம் தலைக்கு, அலகும் வாலும் எவ்வளவு நீளமோ அவ்வளவு. ஓவியத் திறமை தேவையில்லை. அந்தக் கோட்டுப்படத்தில் அம்புக்குறி போட்டு இந்த இடங்களை நிரப்புங்கள்: தலையுச்சி, புருவம், கண்ணைக் கடக்கும் கோடு, தொண்டை, மார்பில் உள்ளது நெடுங்கோடா குறுக்குவரியா, இறக்கைப் பட்டை, வாலடி, வெளிவால் இறகு, கால். பார்க்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். தேதி, நேரம், வெயில் எந்தப் பக்கம், என்ன மரம், தனியாகவா கூட்டமாகவா, என்ன செய்தது. கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்த பிறகு எழுதினால் நினைவு அந்தப் படத்துக்கு ஏற்பத் திருந்திவிடும். தெரிந்தவரிடம் கேட்கப் போகும்போது இந்தக் காகிதத்தையே காட்டுங்கள், நீங்கள் நினைக்கும் பெயரை அவர் பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள்.